ஓசோன் ஓட்டை: நிஜமா, பூச்சாண்டியா?

கெடிலக்கரை:
வீட்டு ஏசி பழையது, குளிர வைக்கும் கேஸ் ஆர்-22. கேஸ் இறங்கிவிட்டது. இது ஓசோனைக் கெடுக்கும், 2030-க்குள் இந்த கேஸே நின்றுவிடும், புது மெஷின் வாங்குங்கள் என்கிறார்கள். எண்பதுகளில் ஓசோனில் ஓட்டை என்று பயமுறுத்தினார்கள். இப்போது பேச்சே இல்லை. புது கேஸ் விற்கக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதைதானே இது?

சில்வர்பீச்:
கம்பெனிகளா? 1974-ல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும், ஃப்ரிட்ஜில் போட்ட குளோரோஃபுளோரோகார்பன் கேஸ் ஓசோனை அழிக்கும் என்று எழுதியபோது எதிர்த்ததே கம்பெனிகள்தான், அண்ணே. 1985-ல் அண்டார்க்டிகாவில் ஓசோன் சரிந்ததைப் பிரிட்டிஷ்காரர்கள் அளந்து காட்டினார்கள். 1987-ல் அந்த மாதிரி கேஸ்களைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தம். அந்த கேஸிலிருந்து பிரியும் ஒரே குளோரின் அணு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை உடைக்கும். உடைத்துவிட்டுத் தான் மட்டும் அப்படியே நிற்கும்.

கெடிலக்கரை:
சரி. 2023-லும் பெரிய ஓட்டை என்று செய்தி வந்ததே, இத்தனை வருஷமாக என்ன கிழித்தார்கள்? புது கேஸும் பூமியைச் சூடாக்குகிறது என்று 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அதையும் குறைக்க மறுபடி கையெழுத்து. கடலூர்க்காரன் எத்தனை தடவை ஏசி மாற்றுவது?

சில்வர்பீச்:
பழைய ஃப்ரிட்ஜில் இருந்த ஆர்-12 காற்றில் சுமார் 100 வருஷம் கிடக்கும். உடனே எப்படிச் சரியாகும்? மேலே குளிர் கூடும் வருஷம் ஓட்டையும் பெரிதாகும். அண்டார்க்டிகா 1980 நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது 2022 மதிப்பீடு. நம் தலைக்கு மேலே பெரிதாக மெலியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே விடும் கேஸ் இங்கேயே நிற்காது.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
அதை விடுவதே எங்கள் ஆட்கள்தான். ஏசியைக் கழற்றும்போது பலர் வால்வைத் திறந்து புஸ்ஸென்று வெளியே விட்டுவிடுவார்கள். எண்ணெய் வாடை வரும், பைப் முனையில் பனி பூக்கும், வேலை முடிந்தது. ரெகவரி மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிக்க நேரமாகும். அந்தக் கூலியைக் கேட்டால் வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிடும். கெடிலக்கரை சார், கேஸ் தானாகக் குறையாது. ஜாயின்ட்டில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். லீக்கை அடைத்து ஆர்-22 ஏற்றினால் இன்னும் ஓடும். அதில் புது ஏசிகளுக்கான ஆர்-32 கேஸை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்; பிரஷர் அதிகம், தீயும் பிடிக்கும்.

கெடிலக்கரை:
அப்படிச் சொல்லுங்கள்! ஒருத்தரும் லீக் இருக்கா என்று பார்க்கவில்லை, நேரே புது மெஷினுக்குப் போய்விட்டார்கள். இதைத்தான் வியாபாரம் என்றேன்.

சில்வர்பீச்:
அது கடைக்காரர் வியாபாரம், அண்ணே. ஓசோன் என்ன பண்ணும்? கழற்றும் நாளில் ரெகவரி கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கெடிலக்கரை:
பாதி தருகிறேன். மீதியை கேஸ் தயாரித்தவனிடம் வாங்குங்கள்.