கழுவலா, உப்பிறக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வேரடி மண்ணில் சேர்ந்த உப்பை நீர் விட்டுக் கரைத்துக் கீழே தள்ளும் வேலைக்கு (ஆங்கிலத்தில் leaching) நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> 'உப்புக் கழுவல்' என்றே வைத்துக்கொள்ளலாம். விவசாயிகள் வாயில் இருக்கிற சொல்தானே?

இருக்கிற சொல்தான். ஆனால் கடலோரத் தாழ்நிலத்தில் கோல்ஃப் மைதானப் புல்லை வளர்ப்பவர்களுக்குக் கழுவுவது என்று தனியாகவே ஒரு வேலை உண்டு. கடற்காற்று பலமாக அடித்து ஓய்ந்ததும் இலைமேல் படிந்த உப்பை நல்ல தண்ணீர் தெளித்துப் போக்குவார்கள். அதுதான் கழுவல். நாம் பெயர் தேடுவது வேரடி மண்ணில் நடக்கிற காரியத்துக்கு.

இதில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். புல்தரைப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது 'உப்பை நன்றாகக் கழுவவும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆட்கள் குழாயைத் திறந்து பீய்ச்சினார்கள், தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடியதும் நிறுத்திவிட்டார்கள். சொன்னதைச் செய்தார்கள், பாவம். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் குத்தியெடுத்துப் பார்த்தால் மேலே இரண்டு விரற்கடை ஈரம், கீழே வறட்டு மண். நாலு நாள் வெயிலில் தரை மறுபடியும் வெள்ளை பூத்தது.

பூக்கத்தான் செய்யும். தாழ்நிலத்தில் உவர்நீர் மட்டம் தரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மேல்மண் காயக் காய, திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நீரை இழுக்கும். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். இதை 'உப்பேற்றம்' என்றால் எதிர்வேலைக்கு 'உப்பிறக்கம்' தானாக வந்து உட்காருகிறது. புல் குடிப்பதற்கு மேல் ஒரு பங்கு நீர் விட்டு, வேர்ப்பகுதி உப்பைக் கரைத்துக் கீழே தள்ளி, வடிகாலில் சேர்ப்பது. அந்தக் கூடுதல் பங்குக்கு 'இறக்கப் பங்கு'. பாய்ச்சும் நீரின் மின்கடத்துதிறன் (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸ், வேரைத் தாண்டி வடியும் நீரில் அது 10-க்குள் இருக்க வேண்டும் என்றால், 2-ஐ 10-ஆல் வகுக்க வேண்டியதுதான்: பாய்ச்சுவதில் ஐந்தில் ஒரு பங்கு வடிந்தாக வேண்டும்.

அதுவும் ஒரே மூச்சில் கொட்டினால் நீர் பெரிய துளைகள் வழியாக நழுவிப் போய்விடும், நுண்துளையில் இருக்கிற உப்பு அசையாது. விட்டுவிட்டு மெல்லத் தெளித்தால் குறைந்த நீரிலேயே கூடுதல் உப்பு இறங்கும். 'கழுவல்' என்று சொன்னால் கை தானாகக் குழாயை முழுசாகத் திறக்கிறது.

> 'உப்பிறக்குதல்' என்றால் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதுபோல இருக்கிறதே!

சிரித்துவிட்டேன். ஆனால் விஷம் ஏறுகிறது, விஷத்தை இறக்குகிறார்கள் என்றும் சொல்கிறோமே. இது அந்த இறக்கம்.

> நைட்ரேட்டும் இப்படித்தான் இறங்குகிறது. பொதுவாகக் 'கரைத்திறக்கம்' எனலாமா?

நைட்ரேட் இறங்குவது சரி. ஆனால் உங்கள் சொல்லை நான் முதலில் 'கரை திறக்கிறது' என்றே படித்தேன். கடலோரத்தில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். உரச்சத்து போவதற்குச் 'சத்திறக்கம்' என்று தனியாக இருக்கட்டும். ஒன்று நாம் வேண்டிச் செய்வது, மற்றது வேண்டாமலே நடப்பது.

அப்புறம், உவரையும் (உப்பு மிகுந்த மண்) களரையும் (சோடியம் மிகுந்த மண்) ஒரே சொல்லில் கட்ட வேண்டாம். களரில் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிட்டுத் துளைகளை அடைக்கும், தண்ணீரே இறங்காது. ஜிப்சம் இட்டு, அதன் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்த பிறகுதான் உப்பிறக்கம். வடிகால் இல்லாத நிலத்தில் அதுவும் பலிக்காது, இறக்கின உப்பு அங்கேயே நின்று திரும்ப ஏறும். உப்பைத் தாங்கும் கடற்கரை பாஸ்பலம் புல்லை நட்டாலும் இந்த வேலை தப்பாது. நம் அருகம்புல் இனத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று பாக்கி. வேருக்கும் உவர்நீருக்கும் இடைவெளி கூட, நிலத்தின்மேல் கனமாக மணல் பரப்புகிறார்களே, அதற்கு 'மணல் மூடாக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மூடாக்கு என்றால் செடியடியில் பரப்பும் சருகும் வைக்கோலும்தான் நினைவுக்கு வரும். இங்கே புல் அந்த மணலிலேயே வேர்விடுகிறது. 'மணல்மேடை' எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நிலம் முழுக்கப் பரப்புவதை மேடை என்பது கொஞ்சம் இடிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.