எண்டர் தி டிராகன் ஷி கியென் உண்மையிலேயே பெரிய வில்லனா?

கடைசிரீல்: நேற்று ராத்திரி எண்டர் தி டிராகன் மறுபடி பார்த்தேன். படத்தின் விறுவிறுப்பு இன்றைக்கும் குறையவே இல்லை. ஆனால் கடைசிச் சண்டையில் புரூஸ் லீக்கு எதிரே நிற்கிற வில்லன் ஹானாக நடித்த ஷி கியெனுக்கு வயது அறுபது! அந்த இரும்பு நகமும் கண்ணாடி அறையும் இல்லாவிட்டால் ஆள் ஒரு நிமிஷம் தாங்கமாட்டார். வில்லன் என்றால் 1978இல் டிரங்கன் மாஸ்டரில் ஜாக்கி சானைப் புரட்டி எடுத்த ஹ்வாங் ஜாங் லீ மாதிரி இருக்க வேண்டும். ஷி கியெனை ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்?

பழையகொட்டகை: ஒரே படத்தை வைத்து ஒரு நடிகரை எடை போடாதீர்கள் தம்பி. அவர் 1913இல் பிறந்தவர். நடிகர் குவான் டாக் ஹிங், குங்ஃபூ வீரர் வோங் ஃபெய் ஹுங்காக நடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1949இல் தொடங்கின, அவற்றில் படத்துக்குப் படம் வில்லனாக வந்து அடிவாங்கியவர் இவர்தான், அடுத்த படத்தில் வேறு பெயரோடு திரும்பவும் வந்து நிற்பார், ஹாங்காங் ரசிகர்களுக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே போதும், கெட்டவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்பவன் மேல் அவ்வளவு வெறுப்பு வந்ததால்தான் குவானின் நிதானம் எடுபட்டது.

கடைசிரீல்: அதெல்லாம் சரி அண்ணே, சண்டை திரையில் தெரிய வேண்டாமா? ஹ்வாங் டேக்வாண்டோ ஆள். ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ படப்பிடிப்பில் அவர் உதைத்ததில் ஜாக்கிக்குப் பல்லே போனது. ஹானுக்கோ குரல்கூட சொந்தக் குரல் இல்லை, கீ லூக் என்ற நடிகர் பேசியது.

திண்டுக்கல்காரன்: குரலை விடுங்கள், கையைப் பாருங்கள். சண்டைக்கு நடுவில் ஒரு கையைக் கழற்றிவிட்டுக் கத்திகள் நீட்டிக்கொண்டிருக்கும் கையை மாட்டுவாரே, முகத்தில் அவசரம் துளியும் இருக்காது. எனக்கு ஹ்வாங்கின் எந்த உதையைவிடவும் அதுதான் பயம். கண்ணாடி அறையைக் குறை சொல்வதும் சரியில்லை. நேருக்கு நேர் லீயை யாராலும் ஜெயிக்க முடியாது என்று படம் முழுக்கக் காட்டியாகிவிட்டது, அப்புறம் இன்னொரு பலசாலியைக் கொண்டுவந்து என்ன பயன்? லீயின் கண்ணையே ஏமாற்றத் தெரிந்தவன்தான் வேண்டும்.

பழையகொட்டகை: அதேதான். 1980இல் ஜாக்கியின் தி யங் மாஸ்டரில் ஷி கியெனே போலீஸ் அதிகாரியாக வந்து சிரிக்கவைக்கிறார், அப்போது வயது 67. ஹ்வாங்கிடம் அப்படி ஒரு வேஷத்தை நான் பார்த்ததில்லை.

கடைசிரீல்: நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். அந்தப் படத்தில் ஜாக்கியின் கடைசிச் சண்டை யாரோடு? ஷி கியென் கூடவே இருந்தும் வாங் இன் ஷிக்கோடு. அடி விழுந்தால் நிஜமாக வலிக்கிற மாதிரி ஒருவர் தேவைப்பட்டது.

பழையகொட்டகை: அவ்வளவு நீளமான சண்டைக்கு வாங் தேவைதான், மறுக்கவில்லை. நீங்கள் சொல்வது சண்டைக்காரரைப் பற்றி, நான் சொல்வது வில்லனைப் பற்றி. குவானோடு இவர் மோதுகிற பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள், மேலே பேசலாம்.