பெண்டுலம் கடிகாரம் அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது, என்ன செய்ய?

குளச்சல்காத்து:
எங்க ஊர் நூலகத்துல ஒரு அறை ஒதுக்கி பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கோம். சாவி கொடுக்குற எட்டு நாள் சுவர்க்கடிகாரம் ஒண்ணு, மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒண்ணு வந்திருக்கு. கடிகாரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாச்சு, அஞ்சு நிமிஷம் ஓடி நின்னுடுது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? ரேடியோவைப் பாடவச்சுப் பார்க்கலாமா?

மணிமேடை:
தேங்காய் எண்ணெய் விட்டியளா? அது கெட்டியாகி, பித்தளையோட சேர்ந்து பச்சையா பிசுபிசுன்னு ஆயிடும். ஆனா அஞ்சு நிமிஷத்துல நிக்கிறதுக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டியது 'டிக்-டாக்' சமமா விழுதாங்கிறதைத்தான். கண்ணை மூடிக் கேளுங்க. டிக்டாக்... டிக்டாக்னு நொண்டி நடந்தா அதுதான் கோளாறு.

பெண்டுலத்தை விரலால மெதுவா வலப்பக்கம் தள்ளி, 'டிக்' விழுற இடத்தைக் குறிங்க. இடப்பக்கமும் அப்படியே. வலப்பக்கம் அதிகம் தள்ள வேண்டியிருந்தா, பெட்டியோட அடிப்பகுதியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்க. பெட்டி கோணலாத் தொங்குறது பார்க்க நல்லா இல்லைன்னா, பெட்டியை நேரா வச்சுட்டு, பெண்டுலத்தைப் பிடிச்சு ஆட்டுற கம்பியை அதே இடப்பக்கம் துளி வளைக்கலாம். மேல்முனையை இன்னொரு கையால பிடிச்சுக்கிடணும், இல்லைன்னா அச்சு வளைஞ்சுடும்.

எண்ணெயை எடுக்கணும்னா பிரிச்சுத்தான் ஆகணும். ஓட்டத்துக்கு ஒண்ணு, மணியடிக்க ஒண்ணுன்னு ரெண்டு ஸ்பிரிங் இருக்கும். சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பல்தடையை (ஸ்பிரிங் திரும்பி அவிழாமப் பல்லுல பிடிச்சு நிறுத்துற கொக்கி) விலக்கி, சாவியைக் கையிலேயே கொஞ்சங்கொஞ்சமா சுழலவிட்டு ரெண்டையும் முழுசா இறக்குங்க. இறங்காத ஸ்பிரிங்கோட பிளேட்டைத் திறந்தா விரலுக்கு ஆபத்து. அப்புறம் வெள்ளை பெட்ரோல்ல கழுவி (ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது), அச்சு சுழலுற ஓட்டைகள்ல கூராச் சீவின மூங்கில் குச்சியை விட்டுத் திருப்புங்க. முதல் குச்சி கருப்பா வரும். சுத்தமா வர்றவரைக்கும் குச்சி மாத்திக்கிட்டே இருக்கணும். கடிகார எண்ணெய் ஊசிமுனையால ஓட்டைக்கு ஒரு துளி. பல்சக்கரத்துப் பல்லுல வேண்டவே வேண்டாம், தூசி சேர்ந்து அரம் மாதிரி தேய்ச்சுடும்.

சாவி கொடுத்து ஒரு வாரம் ஆகுறப்போ கொஞ்சம் நேரம் விலகும், ஸ்பிரிங்கோட பலம் குறையுறதால. பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டு எடை இறங்கி ஓடுறது, அங்கே விசை ஒரே அளவு. சுமார் 25 செ.மீ. பெண்டுலம்னா அதோட அடிக்குண்டை 1 மி.மீ. ஏத்தினாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 நிமிஷம் வேகமாகும். ஞாபகம் வச்சுக்கிட்டுத் திருகுங்க.

உப்புக்காத்து:
புளி வேண்டவே வேண்டாம். அமிலம் பழைய வார்னிஷ் பூச்சையும் மேல்தோலையும் சேர்த்து எடுத்துடும். எழுத்துப் பள்ளத்துல தங்குற மிச்சம் பின்னாடி பச்சை பூக்கும், பக்கத்து இரும்பு அச்சுல துரு ஏறும். அமோனியா கலந்த பாலிஷும் கூடாது, இழுவிசையில இருக்குற பித்தளை அதனால வெடிப்பு விடும். மென்மையான தூரிகையே போதும்.

குளச்சல் பக்கம் கடல் உப்புதான் பெரிய எதிரி. அறை ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ரொம்பக் குறைச்சா மரப்பெட்டி வெடிக்கும். 45லிருந்து 55 சதவீதம் நல்லது. மூடுற கண்ணாடிப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும்.

குண்டுபல்பு:
ரேடியோவை நேரா பிளக்ல சொருகாதீங்க, அண்ணாச்சி. 60 வாட் குண்டு பல்பை (எல்.இ.டி. உதவாது) சீரீஸ்ல (கரண்ட் பல்பு வழியாவே ரேடியோவுக்குப் போற மாதிரி) போட்டு 230 வோல்ட் கொடுங்க. பல்பு மின்னி மங்கினா பரவாயில்லை. பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட், உடனே எடுத்துடுங்க. டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டுல சேஸிஸே (உள்ள இருக்குற உலோகச் சட்டம்) மெயின் லைன்ல இருக்கலாம், குமிழ்ல இருக்குற சின்ன ஸ்க்ரூவைத் தொட்டாலும் ஷாக்.

அதுக்கும் முன்னாடி ரப்பர் ஒயரெல்லாம் பொடியாயிருக்கான்னு பாருங்க. மெழுகு காகித மின்தேக்கிகளை மாத்துங்க. குறிப்பா ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட் வால்வோட கிரிட் முனைக்குப் போறதை. அது கசிஞ்சா வால்வு தகடு சிவந்து வால்வும் டிரான்ஸ்பார்மரும் போயிடும். பிளக்கை எடுத்தப்புறமும் பில்டர் மின்தேக்கியில 300 வோல்ட் வரை நிக்கலாம். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாம 5 வாட், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா வடிச்சுடுங்க.

கழட்டின பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீங்க. எந்த இடத்துல இருந்ததுன்னு சீட்டெழுதி, கவர்ல போட்டு, அதே பெட்டிக்குள்ளேயே வைங்க.