புதுப்பிப்பு: வினாத்தாள் களஞ்சியத்துக்குச் சேர்ந்த காசு

இலங்கையின் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் கடந்தகால வினாத்தாள்களைத் தமிழில் ஒரு இணையத்தளத்தில் சேர்த்து வைக்கும் எங்கள் தன்னார்வக் குழுவின் சேர்வர் கட்டணத்துக்குக் காசு கேட்டுப் போன மாதம் எழுதியிருந்தேன். இந்த வருடத்துக்குக் கட்டியாயிற்று.

கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஐந்நூறு, ஆயிரம் போட்டவர்கள்தான். ஒரு வைப்புக் குறிப்பில் 'மகளுக்குக் கெமிஸ்ட்ரி ஏ' என்று மட்டும் இருந்தது. யாரென்று இன்னும் தெரியவில்லை. வெள்ளவத்தையில் டியூஷன் நடத்தும் ஒருவர் முழுத் தொகையையும் தருவதாகவும், தளத்தின் முகப்பில் தன் விளம்பரம் வேண்டும் என்றும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டோம். நாளைக்கு யாருடைய விடைகள் மேலே வரவேண்டும் என்றும் அவர்தான் சொல்வார்.

கட்டணம் போக மிச்சக் காசை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சிலர் கேட்டீர்கள். பில் டொலரில் வருகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியது நினைவிருக்கும். கையிருப்பு இல்லாவிட்டால் அப்படியொரு மாதத்தில் இழுத்து மூடவேண்டியதுதான்.

அப்புறம், கணக்கு ஒரே ஆளின் பெயரில் இருக்கிறதே என்று கேட்டது நியாயம். இருவர் கையொப்பமிடும் கூட்டுக் கணக்குத் திறக்கிறோம். கொடுத்தவர்களின் பெயரை மறைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கூற்றைப் போடுவோம்.