டாபர்மேன் குட்டிக்குக் காது வெட்டலாமா? பிரீடர் அவசரப்படுத்துகிறார்

புதுக்குட்டி எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு டாபர்மேன் பெண் குட்டி வரப்போகிறது. எட்டு வாரம் நெருங்குகிறது, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வாலைப் பிறந்த சில நாளிலேயே நறுக்கிவிட்டார்கள். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நான் குட்டியைப் பார்த்ததே அதற்கு அப்புறம்தான். காது மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. "பன்னிரண்டு வாரம் தாண்டினால் காது நிற்காது, சீக்கிரம் முடிவு சொல்லுங்க" என்று பிரீடர் காலையும் மாலையும் மெசேஜ் அனுப்புகிறார்.

தொங்கும் காதில் காற்றுப் போகாது, சீழ் பிடிக்கும், வெட்டிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை என்கிறார். சின்னக் குட்டி என்பதால் வலியும் அவ்வளவாகத் தெரியாதாம். என் அப்பா அவர் கட்சி. காது விறைப்பாக நிற்காவிட்டால் அது டாபர்மேனே இல்லை, எவனும் பயப்பட மாட்டான் என்கிறார். என் மனைவி, "வெட்டிக் கொண்டுவந்தால் கட்டு மாற்ற என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டாள். நடுவில் நான்.

காது நோய் பற்றிச் சொல்வது நிஜமா? வலி தெரியாது என்பது நிஜமா? திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

ஷோரிங் எழுதியது:

நான் டாபர்மேன் வளர்த்து நாய்க் கண்காட்சிப் போட்டிக்கு, அதாவது ஷோவுக்கு, கொண்டுபோகிறவன். எல்லோரும் கொடுமை கொடுமை என்று கிளம்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். காது வெட்டுவது முழு மயக்கத்தில் நடக்கிற ஆபரேஷன். கருத்தடையும் மயக்கத்தில்தான் செய்கிறோம், அதற்கு யாரும் கண்ணீர் விடுவதில்லை. கைதேர்ந்த டாக்டர் செய்தால் குட்டி மறுநாளே ஓடி விளையாடும்.

இந்த இனம் எதற்காக வந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் அபோல்டா ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்த லூயி டாபர்மேன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காவலுக்கென்று உண்டாக்கிய நாய். எதிராளி பிடித்து இழுக்க வாகாக நீளக் காதும் நீள வாலும் அதற்கு எதற்கு? நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்கன் கென்னல் கிளப் இன்றைக்கும் இதை இனத்தின் தன்மையைக் காக்கிற, ஏற்கத்தக்க வழக்கம் என்றுதான் சொல்கிறது. தடை போட்டவர்கள் என்ன சாதித்தார்கள்? பிரிட்டனில் காது வெட்டுவது குற்றம். அங்கேயும் வெட்டின காதோடு நாய்கள் திரிகின்றன. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறார்கள், இல்லையென்றால் எவனோ வீட்டில் வைத்து வெட்டுகிறான். டாக்டர் கையில் இருந்த கத்தியை அவன் கையில் கொடுத்ததுதான் மிச்சம்.

வெட்டுவதானால் நல்ல டாக்டரிடம் வெட்டுங்கள், அவ்வளவுதான்.

கால்நடைக்காரன் எழுதியது:

நான் கால்நடை மருத்துவன். காது வெட்டுவதில்லை. ஆனால் மற்றவர்கள் வெட்டிய காதுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் ஷோரிங் அண்ணன் விட்ட பாகத்தை நான் சொல்கிறேன்.

மறுநாளே குட்டி ஓடும் என்பது உண்மைதான். சிரமம் அதற்கு அப்புறம். காது மடலின் ஓரத்தை நீளவாக்கில், குருத்தெலும்போடு சேர்த்து அறுத்து, விளிம்பைத் தைத்துவிடுவார்கள். அப்போதும் காது நிற்காது. உள்ளே ஒரு முட்டுக் கொடுத்து டேப் சுற்றி நிமிர்த்திக் கட்ட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை பிரித்து, துடைத்து, காயவைத்து, மறுபடி கட்ட வேண்டும். டாபர்மேனுக்கு ஷோவில் விரும்புகிற நீளமான வெட்டு என்றால் இது மாதக்கணக்கில் போகும். நடுவில் பல் விழுந்து முளைக்கும் பருவம் வரும், நின்ற காது மறுபடி தொய்யும், திரும்பவும் கட்டு. டேப்புக்குள் ஈரம் சேர்ந்தால் புண் வைக்கும். நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். டேப் ரோலைப் பார்த்தாலே நாற்காலிக்கு அடியில் போய் ஒளிகிற குட்டிகள் எனக்குத் தெரியும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் ஒரு நாய், மனிதக் கை என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று கற்றுக்கொள்கிற காலம். அந்தக் காலத்தில் போய் இந்த வேலை. இத்தனைக்கும் பிறகு ஒரு காது நின்று இன்னொன்று சாய்ந்துவிட்டால், "மறுபடி வெட்டிச் சரிசெய்ய முடியுமா டாக்டர்?" என்று வருவார்கள். உங்கள் மனைவி விஷயம் தெரிந்தவர்.

காது நோய்க்கு வருகிறேன். சீழ்க் காதோடு திரும்பத் திரும்ப வருவது காக்கர் ஸ்பேனியல், லாப்ரடார், பாசெட் ஹவுண்ட். இவற்றுக்கு யாரும் காது வெட்டுவதில்லை. பெரும்பாலும் அடியில் இருப்பது ஒவ்வாமை. தவிர, நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி உள்பக்கம் திரும்புகிறது, அழுக்கும் ஈரமும் தங்குவது அந்த வளைவில். மடலை வெட்டினால் வளைவு நிமிர்ந்துவிடாது. காக்கரைப் பாருங்கள்: தொல்லை தருகிற காதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு தொல்லையும் தராத வாலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

வலி பற்றி. வாலை நறுக்குவது பொதுவாக 3 முதல் 5 நாள் குட்டிக்கு, பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல். ஆஸ்திரேலியாவில் 50 குட்டிகளைக் கூடவே இருந்து கவனித்து 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாக் குட்டியும் வெட்டும் நேரத்தில் கத்தின. சில நிமிடங்களில் அடங்கிவிட்டன. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கட்சிக்காரர்களும் இதே ஆய்வைத்தான் காட்டுகிறார்கள். ஒருவர் கத்தியதைச் சொல்வார், இன்னொருவர் அடங்கியதைச் சொல்வார். அடங்கிய பிறகும் கதை தொடரலாம்: வால் நறுக்கிய இடத்தில் வெட்டுப்பட்ட நரம்பு முடிச்சாக வளர்ந்து, நாய் அந்த இடத்தையே கடித்துக்கொண்டிருந்ததாக ஆறு நாய்களைப் பற்றிய குறிப்பு 1990-ல் வெளிவந்திருக்கிறது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது.

டாபர்மேனுக்கென்று இன்னொரு விஷயம். வான் வில்லிபிராண்ட் என்கிற இரத்தம் உறையாமைக் கோளாறு இந்த இனத்தில் சகஜம். காது மடல் ஏற்கெனவே இரத்தக் குழாய் நிறைந்த இடம். அந்தச் சோதனை செய்யாமல் டாபர்மேன் காதில் கத்தி வைக்கிறவரை என்னால் "கைதேர்ந்தவர்" என்று சொல்ல முடியாது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த இனம் பிறந்த ஜெர்மனியிலேயே 1987 முதல் காது வெட்டக் கூடாது, 1998 முதல் வாலும் கூடாது. 2015-ல் திருத்திய சர்வதேச இன வரையறையிலும் டாபர்மேனுக்குக் காதும் வாலும் இயற்கையாகத்தான் இருக்க வேண்டும். அங்கே திருடன் யாரும் காதைப் பார்த்துத் தைரியமாக உள்ளே வந்ததாகத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். குட்டியின் அப்பா, அம்மா இருவரின் இதயம் எப்படி இருக்கிறது? ஐரோப்பாவில் 412 டாபர்மேன்களைப் பரிசோதித்து 2010-ல் வந்த ஆய்வின்படி, வாழ்நாளில் 58 சதவீதம் நாய்களுக்கு இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் வருகிறது. பாதிக்கு மேல். பல நாய்களுக்கு முதல் அறிகுறியே திடீர்ச் சாவுதான். காதைப் பற்றி இத்தனை மெசேஜ் அனுப்புகிற பிரீடர் இதைப் பற்றி ஒரு மெசேஜாவது அனுப்பினாரா?

புதர்வாசி எழுதியது:

டாக்டர் காதைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. வால் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. நான் ஸ்பேனியல்களை முட்புதருக்குள் வேட்டை வேலைக்கு விடுகிறவன். ஸ்பேனியல் வாலை ஆட்டும் வேகம் வீட்டு நாய் வைத்திருப்பவர்களுக்குப் புரியாது. நுனி கிழிந்துவிட்டால் ஆறாது, ஏனென்றால் ஆட்டுவது நிற்காது. கட்டுப் போட்டால் கட்டோடு ஆட்டும், கூண்டுச் சுவர் பூராவும் இரத்தம். கடைசியில் வளர்ந்த நாய்க்கு மயக்கம் கொடுத்து வாலையே எடுக்க வேண்டிவந்தது. நான்கு நாள் குட்டியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஸ்காட்லாந்தில் முழுத் தடை போட்டுவிட்டு 2017-ல் வேலை செய்யும் ஸ்பேனியல்களுக்கு ஏன் தளர்த்தினார்கள்?

கால்நடைக்காரன் எழுதியது:

புதர்வாசி, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஸ்காட்லாந்தில் இதைப் பற்றி நடந்த ஓர் ஆய்வை நானும் படித்தேன். ஒரு வேட்டைப் பருவத்தில், வால் நறுக்காத வேலை ஸ்பேனியல்களில் 56.6 சதவீதத்துக்கு ஒரு தடவையாவது வாலில் காயம் பட்டிருக்கிறது. அது சின்ன எண் இல்லை. தளர்த்தியதும் முழுசாக இல்லை, நுனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அது நியாயமாகப் படுகிறது.

ஆனால் எல்லா வகை நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கே வேறு. பிரிட்டனில் மருத்துவர்களிடம் வந்த 1,38,212 நாய்களைப் பற்றிய 2010 ஆய்வில் வால் காயம் 281 தான். ஒரே ஒரு காயத்தைத் தடுக்க ஏறக்குறைய 500 நாய்களின் வாலை நறுக்க வேண்டியிருக்கும். சோபாவில் படுத்திருக்கும் டாபர்மேன் இந்தக் கணக்கில்தான் வரும், உங்கள் முட்புதர்க் கணக்கில் வராது.

தவிர, வால் வெறும் அலங்காரம் இல்லை. கனடாவில் ஒரு பொம்மை நாய்க்கு மாற்றி மாற்றி நீள வால், குட்டை வால் மாட்டி, ஆட்டியும் ஆட்டாமலும் வைத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்தது. நீள வால் ஆடினால் பெரிய நாய்கள் தைரியமாக நெருங்கின, ஆடாமல் நின்றால் தயங்கின. குட்டை வாலில் ஆடுகிறதா நிற்கிறதா என்பதே அவற்றுக்கு ஒரு பொருட்டாக இல்லை. செய்தி போய்ச் சேரவில்லை. பூங்காவில் "என் நாய் ஒன்றுமே செய்யவில்லை, அந்த நாய்தான் சண்டைக்கு வந்தது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் வாலைத்தான் பார்ப்பேன்.

கொசுறாக ஒன்று. ரோமானியர் காலத்தில் வேளாண்மை பற்றி நூல் எழுதிய கொலுமெல்லா எழுதி வைத்திருக்கிறார்: பிறந்த நாற்பதாம் நாள் குட்டியின் வால் நுனியைக் கடித்தெடுத்துவிட்டால் வெறிநோய் வராதாம். கத்தியால் வெட்டி அல்ல, பல்லால் கடித்து. வால் இல்லாத நாய்தான் அழகு என்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. புரூஸ் கட்டனாக் என்ற மரபணு விஞ்ஞானி, இயற்கையிலேயே குட்டை வாலுள்ள கார்கி இன நாயோடு பாக்ஸர் இன நாயைக் கலந்து, சில தலைமுறையில் பார்வைக்கு அசல் பாக்ஸராகவே குட்டை வாலோடு பிறக்க வைத்துக் காட்டினார். அதிலும் சிக்கல் உண்டு, அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் கரு தங்காது. ஆனாலும் கத்தி தேவைப்படவில்லை.

ஷோரிங் எழுதியது:

காது விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் இதயப் பரிசோதனையில் டாக்டர் பக்கம்தான் நான். என் நாய்களுக்கு வருஷா வருஷம் ஹோல்டரும் (நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்வது) எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுக்கிறேன். எடுக்காதவனிடம் குட்டி வாங்காதீர்கள், காது எப்படி இருந்தாலும் சரி.

புதுக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காது வெட்ட வேண்டாம் என்று பிரீடரிடம் சொல்லிவிட்டேன். "உங்கள் இஷ்டம், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க" என்றார். சரி, அப்பா அம்மா நாய்களின் ஹோல்டர் ரிப்போர்ட் அனுப்புங்கள் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அப்புறம் அப்பா நாய் கோப்பையோடு நிற்கும் போட்டோ வந்தது. காது நன்றாகத்தான் நிற்கிறது. இதய ரிப்போர்ட் வேண்டும் என்று மறுபடி கேட்டதற்கு "டிஎன்ஏ டெஸ்ட் கிளியர்" என்கிறார். இது போதுமா?

கால்நடைக்காரன் எழுதியது:

போதாது. இந்த நோய்க்கு என்று விற்கும் மரபணுச் சோதனைகள் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று உறுதியாகச் சொல்வதில்லை. சோதனையில் சுத்தமாக வந்த நாய்க்கும் வருகிறது. கடந்த ஒரு வருஷத்துக்குள் எடுத்த 24 மணி நேர ஹோல்டர், கூடவே எக்கோ, இரண்டும் அப்பா அம்மா இருவருக்கும் வேண்டும். தாத்தா பாட்டி நாய்கள் எத்தனை வயதில், எதனால் செத்தன என்றும் கேளுங்கள். வான் வில்லிபிராண்டுக்கு மட்டும் டிஎன்ஏ ரிப்போர்ட்டை நம்பலாம், அதன் நகலை வாங்கி வையுங்கள்.

இரண்டு நாள் டைம் கொடுங்கள். ரிப்போர்ட் வரவில்லை என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள். அப்படிப் பார்ப்பதானால் குட்டி பிறப்பதற்கு முன்பே பேசி, "வாலை விட்டுவிடுங்கள்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் தாண்டிப் போனால் கேட்டுப் பயன் இல்லை.