ஒலி பழையதாகிவிட்டது, கட்டைகள் நன்றாக இருக்கின்றன: முழு டிஜிட்டல் பியானோவையும் மாற்றத்தான் வேண்டுமா?

இரவுப்பயிற்சி (கேள்வி)

வணக்கம். என்னிடம் 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ ஒன்று 11 ஆண்டுகளாக இருக்கிறது. இப்போது இரண்டு தொல்லைகள்.

ஒன்று, நடுப்பகுதியில் உள்ள ஒரு ஈ (E) சுரக் கட்டை. எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் திடீரென்று முழு வேகத்தில் அடித்தது போல அலறுகிறது. பத்து முறை தொட்டால் மூன்று முறையாவது இப்படி ஆகிறது.

இரண்டு, ஒலி. பெடலை மிதித்தபடி நீளமாக வாசித்தால், முதலில் பிடித்த கீழ்ச்சுரங்கள் நடுவிலேயே மறைந்துவிடுகின்றன. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டால், சில நொடிகளில் ஒலி உயிரிழந்து, ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடுவது தெரிகிறது. கருவியின் கையேட்டில் ஒரே நேரத்தில் 64 சுரங்கள் என்று போட்டிருக்கிறது.

பழுதுபார்க்கும் இடத்தில் கேட்டேன். திறந்துகூடப் பார்க்காமல் "புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கட்டைகளின் எடையும் அவை திரும்பி எழும் வேகமும் என் விரல்களுக்கு அத்தனை பழக்கம். இதே நிறுவனத்தின் புதிய மாடலில் உள்ள ஒலி போர்டை மட்டும் வாங்கி இதற்குள் பொருத்த முடியுமா?

திருப்புளி

போர்டை மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கட்டைகளைக் கண்காணிக்கும் சுற்று, மின்சாரம், ஸ்பீக்கர் பெருக்கி எல்லாம் அந்த ஒரு மாடலுக்கென்றே கோத்தவை. அடுத்த மாடலில் இணைப்பிகள்கூடப் பொருந்தாது. உங்கள் கருவியில் ஒலி எழுதப்பட்டிருக்கும் நினைவகமும் பெரும்பாலும் மாற்றி எழுத முடியாத வகையாகத்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் வேறு வேறு. இரண்டையுமே புதிய பியானோ இல்லாமல் தீர்க்கலாம்.

முதலில் அந்த ஈ கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் கார்பன் பூசிய தொடுபுள்ளிகள் இரண்டு, சில கருவிகளில் மூன்று. கட்டை இறங்கும்போது முதல் புள்ளி போர்டைத் தொடும், அடுத்து இரண்டாவது தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் நீங்கள் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று கருவி கணக்கிடுகிறது. முதல் புள்ளியில் தூசி படிந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும். நீங்கள் மெதுவாகத்தான் தொட்டீர்கள், கருவியோ ஓங்கி அடித்ததாகக் கணக்கிடுகிறது. பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான்.

திறப்பதற்கு முன் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டையில் கருவியின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். கட்டைகளைக் கழற்ற நேர்ந்தால் வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் இருக்கும்படி, கட்டைகளுக்கு எடை தரும் சுத்தியல்களை அமைத்திருப்பார்கள். போர்டின் புள்ளிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ரப்பரை உலர்ந்த துணியால் மட்டும் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கார்பன் போய்விடும்.

அடுத்து ஒலி. கருவியின் பின்புறம் யூஎஸ்பி துளையோ, ஐந்து ஊசி கொண்ட வட்டமான மிடி துளையோ இருக்கிறதா?

இரவுப்பயிற்சி

யூஎஸ்பி இருக்கிறது. இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

திருப்புளி

அப்படியானால் நீங்கள் கேட்ட புதிய ஒலி போர்டு உங்கள் கணினிதான். மிடி 1983-லேயே வந்த ஏற்பாடு. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், பெடல் எந்த நிலையில் என்ற செய்தி மட்டுமே அந்தக் கம்பி வழியாகப் போகும். ஒலியை எதிர்முனை உருவாக்கும். சாலமண்டர் என்ற இலவச ஒலித்தொகுப்பில் ஒரு யமஹா கிராண்ட் பியானோவை, மென்மையாகத் தொடுவது முதல் ஓங்கி அடிப்பது வரை 16 வேக அடுக்குகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பியானோடெக் என்ற மென்பொருள் இன்னொரு வழியில் போகிறது. அதில் பதிவே கிடையாது, நரம்பும் பலகையும் அதிர்வதைக் கணக்கிட்டே ஒலியை எழுப்புகிறது. நீங்கள் சொன்ன அந்தத் திரும்ப ஓடும் துணுக்கு அதில் இருக்காது.

நரம்பும் சுத்தியலும்

நான் மரப் பியானோக்களைச் சரிசெய்பவன். ஒரு பழைய பியானோ என்னிடம் வந்தால் தேய்ந்த சுத்தியல் கம்பளியை மாற்றுவேன், துருப்பிடித்த நரம்புகளை மாற்றுவேன், நரம்புகளை இழுத்துப் பிடிக்கும் ஊசிகள் பொருந்திய ஊசிப்பலகையைக்கூட மாற்றியிருக்கிறேன். சட்டமும் ஒலிப்பலகையும் அப்படியே இருக்கும். இப்படிப் பாகங்களை மாற்றிப் பழுதுபார்க்க முடிவதால்தான், பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரி 1720-ல் செய்த பியானோ ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. டிஜிட்டலிலும் இந்த எண்ணம் வேண்டும் என்று நினைக்கிறேன். அதேநேரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒலியை மாற்றுவது எளிது. கட்டைகளுக்கு அடியில் உள்ள கம்பளிப் பட்டையும் சுத்தியல் அச்சும் தேய்ந்தால் என்ன செய்வீர்கள்? உதிரிபாகம் வருவது நின்றுவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது. ஒலியை மேம்படுத்தும் வசதியைக் கேட்பவர்கள், அதற்கு முன் ரப்பர் பட்டையும் கம்பளியும் 20 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

திருப்புளி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தின் பட்டியலில் சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி எல்லாம் இருக்கின்றன. டிஜிட்டல் பியானோ இல்லை.

ஆனால் மேம்படுத்தும்படி செய்ய முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1990-களில் ரோலண்ட் நிறுவனம் தன் சிந்தசைசர்களுக்கு ஒலி அட்டைகளைத் தனியாக விற்றது. 1994-ல் வந்த அதன் ஜேவி-1080 என்ற மாடலில் அந்த அட்டைகளுக்கு நான்கு இடங்கள் இருந்தன. மூடியைத் திறந்து செருகினால் புதிய ஒலிகள் வந்துவிடும். நார்ட் நிறுவனத்தின் மேடைப் பியானோக்களில் இன்றும் வேறு பியானோவின் ஒலியைக் கணினியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுப் பியானோவுக்கு மட்டும் ஏன் இந்தக் கதவு மூடியிருக்கிறது? கட்டைத்தொகுதிதான் அதில் கனமான, செய்யக் கடினமான பகுதி. அது நன்றாக இருக்கும்போதே, உள்ளங்கை அளவுச் சில்லு பழையதாகிவிட்டது என்று மொத்தத்தையும் தூக்கிப் போடுகிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

இரவுப்பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து திறந்துவிட்டேன். ஈ கட்டையின் ரப்பர் குமிழுக்குள் ஒரு தலைமுடி! முதல் தொடுபுள்ளியின் குறுக்கே, சாம்பல் நிறத் தூசி ஒட்டிய நிலையில் கிடந்தது. துடைத்துவிட்டு, குமிழ்கள் சேர்ந்திருக்கும் ரப்பர் பட்டையைத் திரும்ப வைத்தபோது அந்த ஈயும் அதற்கடுத்த எஃப் கட்டையும் ஊமையாகிவிட்டன. பயந்துபோனேன். பார்த்தால் ரப்பரின் சிறு கால்கள் துளைக்குள் சரியாக இறங்கவில்லை. பென்சிலின் மழுங்கிய முனையால் ஒவ்வொன்றாக அழுத்தினேன், பேசிவிட்டது. இப்போது மிக மெல்லிய தொடுதலுக்கும் மிக மெல்லிய ஒலி.

கணினியுடன் இணைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்கிறது, கணினி ஒலி கொஞ்சம் பின்தங்கியும் வருகிறது. எங்கே தவறினேன்?

திருப்புளி

தவறு எதுவும் இல்லை. கருவியின் சொந்த ஒலியும் சேர்ந்து வருகிறது. அமைப்புப் பட்டியலில் "லோக்கல் கன்ட்ரோல்" என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். பின்தங்குவதற்குக் காரணம் மென்பொருளின் பஃபர், அதாவது ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடைச்சேமிப்பு. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் பஃபர் 1,024 என்றிருந்தால் ஏறக்குறைய 23 மில்லி நொடி தாமதம். 128 என்று வைத்தால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. விண்டோஸ் என்றால், ஒலியைத் தாமதம் குறைத்து அனுப்பும் ஏசியோ (ASIO) இயக்கியைத் தேர்ந்தெடுங்கள். ஒலியில் வெடிப்புகள் கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள்.

இரவுப்பயிற்சி

128-இல் ஓரிரு வெடிப்பு வந்தது, 256-இல் நின்றுவிட்டது. நேற்று இரவு கீழ் சி-யை அழுத்தி, பெடலைப் பிடித்தபடி அடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கட்டைகளிலிருந்து அப்படி ஒரு ஒலி வந்ததில்லை. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு குறை. பெடலைப் பாதி மிதித்தாலும் முழுதாக மிதித்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

நரம்பும் சுத்தியலும்

மென்பொருளில் மிடி செய்திகளைக் காட்டும் பகுதியைத் திறந்து, பெடலை மெதுவாக இறக்குங்கள். எண்கள் 0-லிருந்து 127 வரை படிப்படியாக ஏறினால் மென்பொருள் அமைப்பில் சரிசெய்யலாம். 0, 127 என்ற இரண்டு மட்டுமே வந்தால் உங்களிடம் இருப்பது வெறும் சுவிட்ச் பெடல். அப்போது கையேட்டில் பாதிப் பெடலை ஏற்கும் வசதி பற்றிப் பாருங்கள். இருந்தால் பெடலை மட்டும் மாற்றினால் போதும்.

இரவுப்பயிற்சி

0, 127 மட்டும்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பாதிப் பெடல் ஏற்கும் என்று போட்டிருக்கிறது. பெடலை மட்டும் வாங்கப் போகிறேன்.