தோலுக்குத் தின்ன மாத்திரை எலும்பைத் தின்னுமா?

பள்ளத்தூர் ஆச்சி:
எனக்கு 64 வயசு. சொரியாசிஸ் வந்து 22 வருஷம். போன மாசம் பட்டாலையில வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததுல மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. காலு பூரா சொரியாசிஸுக்குப் பூசின வெட்பாலைத் தைலம், கீழே ஆத்தங்குடிக் கல். யாரைச் சொல்லி நோக! ஆனா மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "இந்த அளவு விழுந்ததுக்கு உடையக் கூடாதே ஆச்சி, ஸ்டீராய்டு எதுவும் சாப்பிட்டீகளா?"ன்னாரு. சாப்பிட்டேன். செதில் உதிர்ந்து, உட்கார்ந்து எந்திரிச்ச பாயை நானே கூட்டி அள்ளுற நாள்ல, பழைய சீட்டைக் காட்டி பிரட்னிசோலோன் வாங்கிக்கிருவேன். கல்யாண வீட்டுல நாலு பேர் முன்னாடி உட்காரணும்ல? அப்படியே மாசக்கணக்கா ஓடிரும். இப்ப மூணு மாசமா தெனம் 10 மில்லிகிராம். நாளையிலேர்ந்து நிறுத்திரவா?

கல்லல் மருமகள்:
எங்க அயித்தைக்கும் இதேதான் ஆச்சி. உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தே தேத்திரலாம்னு இருந்தோம். களி நல்லதுதான், ஆனா கால்சியத்துக்குக் கேழ்வரகுதான். 100 கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
சட்டுன்னு நிறுத்தாதீங்க ஆச்சி! சொரியாசிஸ் சீழ்க்கொப்புளமா சீறிக்கிட்டு வரலாம்; உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டும் உடனே திரும்பாது. தோல் டாக்டர் படிப்படியாக் குறைப்பார். இந்த மாத்திரை எலும்பு கட்டுற செல்லை அமுக்கும், குடல் கால்சியத்தை இழுக்கிறதையும் குறைக்கும். மாதவிலக்கு நின்னவங்களுக்கு ஏற்கெனவே எலும்பு தேயுற காலம் வேற. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுங்க. அதுல வர்ற டி-ஸ்கோர் மைனஸ் 2.5, இல்லை அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு போற நோய். காலையில விரல் வீங்கி விறைச்சுக்கிட்டா அதையும் சொல்லுங்க, சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும். பூசுற கால்சிபோட்ரியால் களிம்பும் வைட்டமின் டி வகைதான், ஆனா எலும்புக்கு அது போதாது.

பள்ளத்தூர் ஆச்சி:
எடுத்தாச்சும்மா. முதுகெலும்புல மைனஸ் 2.9. வைட்டமின் டியும் கம்மி. திட்டுத் தெரியக் கூடாதுன்னு முழுக்கை ரவிக்கை போட்டு, வெயில் படாம முகப்புக்குள்ளேயே இருந்தவ நான், எங்கிட்டு இருக்கும்? ஸ்டீராய்டைத் தோல் டாக்டர் குறைச்சுக்கிட்டு வர்றாரு. தைலம் இப்ப ராத்திரி கட்டில்ல ஏறின பிறகுதான், அதுக்கு மேல பழைய காலுறை. வாரம் ஒருநாள் எலும்பு தேயாம இருக்க அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மில்லிகிராம். வெறும் வயித்துல ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி, அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, ஒண்ணும் குடிக்கக் கூடாது. இன்னைக்கு மாத்திரை நாள். பேத்தி காப்பியை ஆத்தி வச்சிட்டா. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு.